ஐந்தாம் மாடிக்கு ஏறிய கமிட்டி

குழாய்க்காரர் வீடு எது என்று கேட்டால் அந்தக் குடியிருப்பில் நாய்கூட ஐந்தாம் மாடியைப் பார்த்துத்தான் குரைக்கும். அவ்வளவு பேர் வாங்கிய மனிதர். இன்றைக்கு அவருக்குக் குழாய்க் கடை மூன்று இருக்கிறது. மூன்றிலும் அவருடைய படம் மாட்டியிருக்கிறது. ஆனால் ஆரம்பத்தில் ஒரு மேஸ்திரிக்குப் பின்னால் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்தான். பள்ளிக்கூடத்தில் கூட்டலும் கழித்தலும் வந்ததும், இனி இவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று எழுந்து வந்துவிட்டார். பெருக்கலைத் தொழிலில் கற்றார். வகுத்தல் அவருக்கு இன்றுவரை தேவைப்படவில்லை. கூட்டாளி வைத்துக்கொண்டவனுக்கல்லவா வகுத்தல்?

கல்யாணமான புதிதில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். "ஊருக்கெல்லாம் குழாய் மாட்டுறீங்க, நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுதே" என்று மனைவி சொன்னபோது, "சொந்த வீடு வாங்கித் தர்றேன், அதுல ஒழுகாது" என்று பதில் சொன்னார். சொன்னபடியே வாங்கினார். அதுவும் தன் பெயரில் இல்லை, மனைவி பெயரில். "உலகத்துல எத்தனை பேர் இதைச் செய்வான், சொல்லு?" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார். யாரும் எண்ணிக்கை சொன்னதில்லை. அந்த வீட்டில் இன்றைக்கும் ஒரு குழாய்கூட ஒழுகவில்லை. யாரும் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஒழுகாத வீட்டில் இப்போது வேறொரு கோளாறு. மனைவிக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை லிஃப்டில் மேலே கொண்டுவந்து விட்டார்கள். மறுநாளே லிஃப்ட் படுத்துவிட்டது. என்னவோ அவளை மேலே சேர்த்துவிட்டுக் கண்ணை மூடலாம் என்று காத்திருந்ததைப் போல. வீட்டுக்குள் கைத்தடி பிடித்து நடக்கலாம், படி மட்டும் இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாதக்கணக்கில் அவள் சமையலறை ஜன்னலிலிருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த உயரத்திலிருந்து யாருக்கும் முகம் கிடையாது. மனிதர்களை உச்சந்தலையை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளப் பழகிவிட்டாள்.

ஒருநாள் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டுச் சொன்னாள்: "தம்பிகிட்டப் பேசிட்டேன். இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். லிஃப்ட் ஓடலைன்னா அவன் ஆளுங்களோட வந்து என்னை நாற்காலியில வெச்சுத் தூக்கிட்டுப் போயிருவான். அவன் வீடு தரையோட இருக்கு. அங்கேயே இருந்துக்கறேன்."

குழாய்க்காரருக்குச் சோறு தொண்டையில் நின்றது. மச்சான் என்ன தொழில் பார்க்கிறான் என்று தெரிந்தால் உங்களுக்கும் நிற்கும். அவன் வீடு மாற்றும் லாரி வைத்திருக்கிறான். பீரோ, கட்டில், குளிர்பெட்டி என்று எதையும் கயிறு கட்டிக் கீழே இறக்கும் ஆட்கள் அவனிடம் இருக்கிறார்கள்.

"உன்னை பீரோ மாதிரி இறக்குவானா? தெரு பார்க்கும்மா! என் மானம் என்ன ஆகும்?"

"உங்க மானம் மாடிப்படி இறங்கிப் போய் வரும். எனக்குத்தான் முடியலை."

போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டார். மச்சான் சிரித்தான். "மாமா, கவலைப்படாதீங்க. போன வாரம் ஒரு பியானோவையே ஏழாம் மாடியிலருந்து கீறல் இல்லாம இறக்கினோம். அக்கா அதைவிட லேசு. நீங்க குடியிருப்புக்கே தலைவராச்சே, அதுக்குள்ள லிஃப்டைச் சரிபண்ணிட்டா நான் ஏன் வரப்போறேன்?"

குத்தியது அந்தக் கடைசி வார்த்தைதான். ஆமாம், அவர்தான் குடியிருப்போர் கமிட்டியின் தலைவர். கமிட்டி என்ற ஒன்று இல்லாவிட்டால் அந்த லிஃப்டை அவர் தன் கைக்காசைப் போட்டு ஒரே நாளில் ஓடவைத்திருப்பார். ஆனால் லிஃப்ட் எல்லோருக்கும் பொது. பொதுச் சொத்தில் தனி ஆள் கைவைக்கக் கூடாது, உறுப்பினர்கள் கூட்ட அறையில் கை தூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும் என்று விதி. விதியை மனப்பாடமாக வைத்திருந்தவர் செயலாளர். இரண்டாம் மாடிக்காரர், ரிட்டயர்டு வாத்தியார். கனவிலும் அவர் விதி எண்ணோடுதான் பேசுவார் என்று அவருடைய மனைவியே சொல்லியிருக்கிறாள்.

கூட்டம் என்றால் என்ன என்பதைக் குழாய்க்காரர் தலைவரான பிறகுதான் கண்டார். கீழ்த்தளத்தில் ஒரு நீள அறை, வெளியே 'கூட்ட அறை' என்று பலகை, உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள். லிஃப்ட் என்று அவர் வாயைத் திறந்ததுமே கீழ்த்தளத்துத் தையல்காரம்மா எழுந்துவிடுவாள்.

"அண்ணே, தரையில இருக்கிறவ எதுக்கு லிஃப்டுக்குப் பங்கு குடுக்கணும்? நான் என்ன பூமிக்குள்ளயா இறங்கப்போறேன்?"

அடுத்து மூன்றாம் மாடிப் பல் டாக்டர். அவர் எதைப் பேசினாலும் பல்லிலிருந்துதான் தொடங்குவார். "ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்துக்கங்க. அதுல ஒரு சொத்தை. அடைக்கிறதா, பிடுங்கறதா? லிஃப்டும் அதே மாதிரிதான்..." அவர் லிஃப்டுக்கு வந்து சேர்வதற்குள் பாதிப் பேர் கொட்டாவி விட்டிருப்பார்கள். அவர் அந்த வாய்களுக்குள்ளும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

அதற்கடுத்து முதல் மாடி பஸ் டிரைவர். நல்ல பருத்த உடம்பு, நல்ல மனசு. ஆனால் யாருடைய பூனையோ அவருடைய ஸ்கூட்டர் சீட்டில் படுத்து நகத்தால் கீறிக்கொண்டிருந்தது. எந்த விஷயமானாலும் அவர் அந்தப் பூனையில் வந்துதான் பிரேக் போடுவார். "லிஃப்டு இருக்கட்டும் தலைவரே, பூனைக்கு என்ன முடிவு?"

இப்படி ஒரு கூட்டம், இரண்டு கூட்டம் போயிற்று. படித்தவர்களாக இருந்தால் கூட்டம் நடத்துவது எப்படி என்று புத்தகம் தேடியிருப்பார்கள். குழாய்க்காரர் தனக்குத் தெரிந்ததில் இறங்கினார். கூட்ட அறைச் சுவரில் ஒரு குழாயை மாட்டினார். அதன் கீழே ஒரு குவளையை வைத்தார். யார் பேச எழுந்தாலும் குழாயைத் திறப்பார். குவளை நிறைகிற வரைக்கும் பேசலாம், வழிந்தால் உட்கார வேண்டும்.

குழாய் வைத்த முதல் கூட்டம் அற்புதமாக நடந்தது. இப்படி ஓர் ஏற்பாட்டை உலகத்தில் எந்தச் சபையும் கண்டிருக்காது என்று நான் அடித்துச் சொல்வேன். இரண்டாவது கூட்டத்தில் பல் டாக்டர், சுத்தம் வேண்டுமென்று சொல்லி, சொந்தக் குவளை கொண்டுவந்தார். அது குவளை அல்ல, வாளி. மூன்றாவது கூட்டத்தில் டிரைவர் தன் முறை வந்ததும் குழாயை நூல் மாதிரி ஒழுகும்படி திருகிவைத்துவிட்டுப் பூனையின் பிறப்பிலிருந்து தொடங்கினார். இதைவிடப் பெரிய தொல்லை வேறு: தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வயதானவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கழிவறைக்கு ஓடினார்கள். போனவர்கள் திரும்புவதற்குள் வாக்கெடுப்புக்கு ஆள் போதவில்லை என்று வாத்தியார் கூட்டத்தை முடித்துவைத்தார்.

வேறொருவர் என்றால் தலைவர் பதவியைத் தூக்கி எறிந்திருப்பார். குழாய்க்காரர் தன் கடையை நினைத்துப் பார்த்தார். கடையில் எவன் அதிகமாகக் கத்துகிறானோ அவனை மேற்பார்வைக்குப் போட்டுவிடுவார். மறுநாளிலிருந்து அவன் கத்தமாட்டான், மற்றவனைக் கத்தவிடவும் மாட்டான். இதே மருந்து கமிட்டிக்கும் பலிக்காதா?

அடுத்த கூட்டத்தில் தையல்காரம்மா எழுந்ததும், "அம்மா, இன்னையிலருந்து நீங்க வாசல் குழுவுக்குத் தலைவி" என்றார். அவள் நின்ற இடத்திலேயே முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். பல் டாக்டரை லிஃப்ட் குழுத் தலைவராக்கினார். டிரைவருக்குப் பூனைக் குழு. அறையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. ஆனால் அமைதியாக இருந்தவர்கள் இப்போது கோபித்துக்கொண்டார்கள். "கத்துனவங்களுக்குப் பதவி, சும்மா இருந்த எங்களுக்கு ஒண்ணுமில்லையா?" என்றார் நான்காம் மாடிக்காரர். அவருக்குக் கொடிக்கயிற்றுக் குழு. எதிர்வீட்டுக்காரருக்குச் செருப்புக் குழு. புதிதாகக் கல்யாணமாகி வந்த ஜோடிக்குச் சத்தக் குழு. எதற்கு என்று அவர்கள் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. தண்ணீர்த்தொட்டி, படிக்கட்டு விளக்கு, வண்டி நிறுத்தும் இடம் என்று வீட்டுக்கொரு குழு ஆயிற்று. ஒவ்வொருவரும் தங்கள் கதவில் பெயர்ப்பலகை மாட்டினார்கள். பல் டாக்டர் தன் ஆஸ்பத்திரிப் பலகையிலேயே 'லிஃப்ட்' என்று சேர்த்து எழுதிவிட்டார். பல் வலியோடு வந்தவர்கள் அதைப் பார்த்துக் குழம்பினார்கள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் குழாய்க்காரர் மீசையை நீவிக்கொண்டு மனைவியிடம் சொன்னார்: "அடைப்பு எடுத்தாச்சு. நாளைக்கழிச்சு கூட்டம். லிஃப்ட் பாஸ் ஆயிரும். உன் தம்பிகிட்ட கயிறைச் சுருட்டி வெக்கச் சொல்லு."

"யார் யாருக்கு என்ன பதவி குடுத்தீங்க?"

வரிசையாகச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே ரசம் ஊற்றினாள். கடைசியில், "ம்" என்றாள். அந்த 'ம்'முக்குள் என்ன இருந்தது என்று அவர் அன்றைக்கு யோசிக்கவில்லை.

கூட்டம் நடந்தது. ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. "லிஃப்டைச் சரிபண்றதுக்கு ஆதரவா இருக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் தலைவர், பாதிச் சிரிப்போடு.

ஒரு கையும் எழவில்லை.

"என்னப்பா, காது கேட்கலையா? கை, கை!"

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "தலைவரே, பதினொண்ணாவது விதி. பொறுப்புல இருக்கிறவங்க யோசனை சொல்லலாம், கை தூக்கக் கூடாது. சாதாரண உறுப்பினர்தான் கை தூக்கணும். முன்னொரு காலத்துல பொறுப்பாளருங்களே கை தூக்கி நல்ல நல்ல பார்க்கிங்கையெல்லாம் தங்களுக்கே எடுத்துக்கிட்டாங்க. அதுக்காகப் போட்ட விதி."

"சரி, பொறுப்புல இல்லாதவங்க தூக்குங்க!"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அறை முழுக்கத் தலைவர்கள். தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவர்களெல்லாம் ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தார்கள், ஒப்புக்கொள்ள ஓர் ஆள் மிச்சமில்லை.

"யாராவது ஒருத்தர் பதவியை விடுங்களேன்" என்றார் குழாய்க்காரர்.

"பலகை அடிச்சு ஆணியும் அறைஞ்சாச்சு, அண்ணே" என்றாள் தையல்காரம்மா.

"பூனை விஷயம் இப்பத்தான் சூடு பிடிச்சிருக்கு" என்றார் டிரைவர்.

வாத்தியார் விரல் விட்டு வீடு வீடாக எண்ணிப் பார்த்தார். எண்ணி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "ஒரே ஒரு சாதாரண உறுப்பினர் இருக்காங்க தலைவரே. அஞ்சாம் மாடி. வீடு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் உறுப்பினர். நீங்க அந்த வீட்டு ஆளா வந்து தலைவரா இருக்கீங்க, அவ்வளவுதான். உறுப்பினர் உங்க வீட்டம்மா."

வீட்டை மனைவி பெயரில் வாங்கிய புண்ணியம் இப்படி வந்து நின்றது.

"அவ எப்படிய்யா கீழ வருவா? லிஃப்ட் இல்லைன்னுதானே இந்தக் கூட்டமே!"

"அது எனக்குத் தெரியாது. கூட்ட அறையிலதான் கை தூக்கணும்."

"போன்ல படத்தோட பேச வைக்கிறேன், பாரு."

"போன்ல தெரியுற கை யாரோட கைன்னு நான் எப்படி எழுதுறது?"

குழாய்க்காரர் எழுந்தார், வெளியே போனார், பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார், 'கூட்ட அறை' பலகையைக் கழற்றினார். "இந்தப் பலகை எங்க இருக்கோ அதுதானே கூட்ட அறை?"

வாத்தியார் எல்லா விதிகளையும் ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தார். "பலகையை எங்க மாட்டணும்னு விதியில இல்லை" என்றார்.

இந்த யோசனைக்கு எத்தனை பட்டம் வாங்கியிருக்க வேண்டும், சொல்லுங்கள்.

மறுநாள் மாலை கமிட்டி மாடியேறியது. நாற்காலி கூட்ட அறையுடையதாக இருக்க வேண்டும் என்று வாத்தியார் சொல்லிவிட்டதால் ஆளுக்கொரு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏறினார்கள். மேலிருந்து பார்த்திருந்தால் நாற்காலிகளே நடந்து வருவதைப் போல இருந்திருக்கும். பல் டாக்டர் ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியை இறக்கி அதிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். டிரைவர் மூன்றாம் மாடியில் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். தையல்காரம்மா நான்காம் மாடிக்கு வந்ததும் சுவரோடு பேசினாள்: "இவ்வளவு உயரமா வீடு கட்டுவான் மனுஷன்?"

குழாய்க்காரர் வீட்டுக் கூடத்தின் கதவுக்கு மேல் பலகையை மாட்டினார். மனைவி தலை வாரி, நல்ல புடவை உடுத்தி, சோபாவில் உட்கார்ந்திருந்தாள். கைத்தடி மடியில் கிடந்தது. தண்ணீர்ச் செம்பும் தம்ளர்களும் தயாராக இருந்தன. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பல மாதத்துக்குப் பிறகு பார்க்கும் முகங்கள்.

"வாங்க டாக்டர். உச்சியில கொஞ்சம் கொட்டியிருக்கு போல. மேலருந்து பார்க்கறேனே."

பல் டாக்டர் கையைத் தலையில் வைத்துக்கொண்டார். பல்லை மறந்தார்.

"தையல்காரம்மா, உன் பொண்ணுக்கு வேலை கிடைச்சிருச்சா? காலையில ஓட்டமா ஓடுது, பை மாத்தி மாத்தித் தொங்குது."

"கிடைச்சிருச்சுக்கா! உங்ககிட்டச் சொல்லவே இல்லையே!" தையல்காரம்மா நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

டிரைவரைப் பார்த்து, "அண்ணே, அந்தப் பூனை குட்டி போட்டிருக்கு, தெரியுமா? உங்க ஸ்கூட்டருக்குப் பக்கத்துல கிடக்கிற அட்டைப்பெட்டியிலதான். கதகதப்புக்குத்தான் வருது" என்றாள். பூனைக் குழுத் தலைவருக்குத் தெரியாத செய்தி.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி, விஷயத்துக்கு வருவோம். லிஃப்டைச் சரிபண்ண ஆதரவா இருக்கிறவங்க கை தூக்குங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மடியிலிருந்த கைகளை எடுக்கவில்லை.

"யோசிக்கணும்" என்றாள். "அடுத்த தடவை பார்க்கலாம். இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

"என்னது? ஏய், கையைத் தூக்கு!"

"தலைவரே" என்று வாத்தியார் விரலை ஆட்டினார், "உறுப்பினரை அதட்டக் கூடாது. அதுக்கு ஒரு விதி இருக்கு."

எல்லோரும் போன பிறகு குழாய்க்காரர் கதவைச் சாத்தினார். கோபத்தில் மீசை துடித்தது. "உனக்காகத்தானே நான் தலையால தண்ணி குடிச்சுக்கிட்டிருக்கேன்! ஞாயித்துக்கிழமைக்கு உன் தம்பி கயிறோட வந்து நிக்கப்போறான். கையைத் தூக்க வலிக்குதா உனக்கு?"

"கை வலிக்கலை. நான் இங்க கிடக்கிறது இவங்களுக்குத் தெரியும்தானே? ஒருத்தர் எட்டிப் பார்த்தாங்களா?"

"லிஃப்ட் இல்லைம்மா, எப்படி வருவாங்க?"

"லிஃப்ட் ஓடுனப்ப மட்டும் வந்தாங்களா?" அவள் தம்ளர்களை அடுக்கினாள். "அவங்களை விடுங்க. நீங்க தினமும் சாயங்காலம் வந்து அவன் இப்படிப் பேசினான், இவ அப்படிப் பேசினான்னு சொல்றீங்க. கத்துறவங்களுக்கெல்லாம் பதவி குடுத்தீங்க. கோவிச்சுக்கிட்டவங்களுக்கும் குடுத்தீங்க. இந்த வீட்டுல ஒருத்தி இருக்கா, அவளுக்கு ஏதாவது வேணுமான்னு கேட்டீங்களா? நான் கத்தலை. அதான் நான் உங்க கணக்குலயே வரலை."

வாடிக்கையாளர் யார் வந்து கேட்டாலும் நுனிநாக்கில் பதில் வைத்திருப்பவர் அந்த மூன்று கடை முதலாளி. அன்றைக்குத் தம்ளர் ஒன்றை எடுத்துக் கழுவினார். கழுவிய தம்ளரையே மறுபடி கழுவினார்.

"சரி, இப்பக் கேக்கறேன். என்ன வேணும்?"

"இன்னும் ஒரு கூட்டம் வேணும்" என்றாள்.

இன்னொரு கூட்டம் நடந்தது. நாற்காலிகளை மறுபடி இறக்கவேண்டாம் என்று முந்தைய தடவை மேலேயே விட்டுவைக்கப் பார்த்தார்கள், வாத்தியார் சம்மதிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் நாற்காலி கீழே போக வேண்டும் என்று எங்கோ இருந்தது. அந்தக் கூட்டத்தில் கொடிக்கயிற்றுக் குழுத் தலைவரின் அம்மா உடம்பு எப்படி இருக்கிறது, சத்தக் குழு ஜோடி ஏன் இப்போதெல்லாம் சத்தமே இல்லாமல் இருக்கிறது என்று விசாரித்தாள். அவர்கள் சண்டையில் இருந்தார்கள். அங்கேயே சமாதானம் ஆனார்கள். லிஃப்ட் என்று வந்ததும், "இன்னும் யோசிக்கணும்" என்றாள். கடைசி ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. மச்சான் போன் செய்து, "மாமா, அக்காவுக்குத் தலையணை வெச்ச நாற்காலியா, சாதா நாற்காலியா?" என்று கேட்டான். குழாய்க்காரர் போனையே அணைத்துவிட்டார்.

அவருக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. மானம் போவது இருக்கட்டும். சமையலறை ஜன்னலில் அவள் இல்லாத வீட்டை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். அடைப்பும் இல்லை, ஒழுகலும் இல்லை, ஒன்றுமே இல்லை. இதுவரை அவர் வாங்கியது எதற்கும் அப்படி ஒரு விலை இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி ஏற்றம். மூச்சு மட்டும் பேசியது. நான்காம் மாடித் திருப்பத்தில் தொம்மென்று ஒரு சத்தம். டிரைவர் நாற்காலியோடு படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் தக்காளி மாதிரி சிவந்திருந்தது.

"என்னால முடியாதுப்பா! நான் பூனைக் குழுவுலருந்து விலகறேன். பதவியும் வேண்டாம், பலகையும் வேண்டாம். நான் சாதாரண உறுப்பினர்! இதோ பாருங்க, லிஃப்டுக்கு என் கை!" என்று படியில் இருந்தபடியே கையை உயரத் தூக்கினார்.

முன்னால் ஏறிக்கொண்டிருந்த வாத்தியார் திரும்பினார். "செல்லாது. கூட்ட அறைக்குள்ள வந்து தூக்கணும்."

டிரைவர் அவரைப் பார்த்த பார்வையில் பஸ் ஏற்றிவிடும் எண்ணம் தெரிந்தது. ஆனாலும் எழுந்தார். தூக்கிய கையை இறக்காமலேயே மிச்சப் படிகளை ஏறினார். இறக்கினால் மனசு மாறிவிடும் என்று பயந்தாரோ என்னவோ. கூடத்துக்குள் நுழைந்து, "இப்பச் செல்லுமா?" என்றார்.

"இப்பச் செல்லும்."

பின்னாலேயே தையல்காரம்மா. "நானும் வாசல் குழுவை விட்டுட்டேன். தரையில இருக்கிறவ லிஃப்டுக்குக் குடுக்க மாட்டேன்னேன். குடுக்கறேன், சாமி, குடுக்கறேன்! இந்தப் படியை இனிமே ஏறச் சொல்லாதீங்க. அக்காவை லிஃப்டுலயே வந்து பார்த்துக்கறேன்." அவள் கையும் உயர்ந்தது. கொடிக்கயிறு, செருப்பு, சத்தம், தண்ணீர்த்தொட்டி என்று வரிசையாக விலகினார்கள். ஒருவர் ராஜினாமாவை வாத்தியார் எழுதி முடிப்பதற்குள் அடுத்தவர் கை தூக்கிவிட்டார். பல் டாக்டர் மட்டும் கொஞ்சம் தயங்கினார். "ஒரு கடைவாய்ப் பல்லை..." என்று தொடங்கி, எல்லோரும் திரும்பிப் பார்த்ததும், "பிடுங்கிட்டேன்" என்று கையைத் தூக்கினார்.

கூடம் முழுக்கக் கைகள். அவள் எல்லாக் கைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அப்புறம் கைத்தடியைச் சோபாவில் சாய்த்துவைத்துவிட்டுத் தன் கையையும் தூக்கினாள். குழாய்க்காரருக்கு மட்டும் கை இல்லை. அவர் தலைவர். இரண்டு கைகளாலும் மீசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை லிஃப்ட் மெக்கானிக் வந்தான். மேலே ஏறி எதையோ திருகினான், எதையோ மாற்றினான், டீ ஆறுவதற்குள் இறங்கிவிட்டான். லிஃப்ட் ஓடியது. இதற்காகவா இத்தனை கூட்டம் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி ஒரு கூட்டம் போட வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சானின் லாரி வாசலில் வந்து நின்றது. ஆட்கள் கயிறு, கம்பளி, பட்டை எல்லாவற்றோடும் இறங்கினார்கள். குழாய்க்காரர் வாசலில் கைகட்டி நின்றிருந்தார்.

"எதுக்குய்யா வந்தே? லிஃப்ட் ஓடுது. நேத்தே சொல்லியிருப்பேன், என் போன் அணைஞ்சிருந்தது."

"அக்கா வரச் சொல்லிச்சு, மாமா."

அப்போது லிஃப்ட் கதவு திறந்தது. மனைவி கைத்தடியோடு வெளியே வந்தாள். தோளில் ஒரு சின்னப் பை. வாசல்வரை தானே நடந்தாள். வெயில் முகத்தில் பட்டதும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். தையல்காரம்மா ஜன்னலிலிருந்து கை ஆட்டினாள்.

குழாய்க்காரர் கட்டிய கையை அவிழ்த்தார். "லிஃப்டைத்தான் சரிபண்ணியாச்சேம்மா. அப்புறமும் போறியா?"

"தூக்கிட்டுப் போயிருந்தா அங்கேயே கிடந்திருப்பேன். இப்ப என் கால்ல போறேன். அடுத்த கூட்டம் எப்போ?"

"வியாழக்கிழமை."

"அப்பப் புதன்கிழமை வந்துருவேன். நான் இல்லாம யாரையும் கை தூக்க விடாதீங்க."

ஆட்கள் அவளை மெதுவாக முன்சீட்டில் ஏற்றி உட்கார வைத்தார்கள். மச்சான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினான். "மாமா, முன்னாடி இடம் இல்லை. பின்னாடி ஆளுங்களோட வர்றதுன்னா ஏறுங்க. கயிறு இருக்கு, கீழ விழாம கட்டிக்கலாம்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடை மூன்று, படம் மூன்று, குடியிருப்புக்கே தலைவர். வேட்டியை மடித்துக் கட்டினார். லாரியின் பின்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்து ஏறினார். சுருட்டிய கம்பளியின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். சுற்றி உட்கார்ந்திருந்த ஆட்களில் ஒருவன் மரியாதையாகக் கேட்டான்: "ஐயா, அந்தப் பெரிய கமிட்டியை நீங்கதான் நடத்துறீங்களாமே?"

"கூட்டம் நடத்துறதுன்னா என்னன்னு நினைச்சே?" என்றார் குழாய்க்காரர், சத்தமாக, முன்சீட்டுக்கும் கேட்கும்படி. "முதல்ல வீட்டுல கேக்கணும்."

லாரி கிளம்பியது. தெருமுனை திரும்பும்போது அவர் இரண்டாவது பாடத்துக்கு வந்திருந்தார்.